எழுதியவர் ரொறன்ரோவில், கோட் இங்கே

ஜாவாவில் வேலை செய்கிறவர்களிடம் அந்தக் கணினி மொழியைப் பற்றிக் கேட்டால் முதலில் வருவது பெருமூச்சு, அடுத்து வருவது சம்பள விபரம். இரண்டிலும் நியாயம் உண்டு. உடையார்கட்டில் உயர்தரத்துக்கு ஐ.சி.ரி. எடுக்கிற பிள்ளை பாடத்திட்டப்படி பைத்தன் படிக்கிறது. திரையில் 'வணக்கம்' காட்ட அதற்கு ஒரு வரி போதும். அதே பிள்ளை நல்ல பெறுபேறு எடுத்து, பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் பஸ் ஏறி, அறிவியல்நகருக்கோ வவுனியாவுக்கோ கணினி படிக்கப் போய் ஜாவாவின் முன்னால் நின்றால், அதே வணக்கத்துக்கு ஐந்து வரி கேட்கப்படும். ஒரு கிளாஸ் திறக்கவேண்டும், அது பொதுவானது என்று அறிவிக்கவேண்டும், 'பப்ளிக் ஸ்டற்றிக் வொயிட் மெயின்' என்று ஓதவேண்டும், திறந்த அடைப்புகளை எல்லாம் மூடவேண்டும். ஏன் என்று கேட்டால், "இப்ப எழுதுங்கோ, பிறகு விளங்கும்" என்பதுதான் வழக்கமான பதில். கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுக்கிற அலுவல்தான் இது. அவர் உங்களைப் பிறந்த நாளிலிருந்து அறிந்தவராக இருக்கலாம். ஆனாலும் நீங்கள் யார், யாருடைய பிள்ளை, எந்தப் பிரிவு என்று முழுவதும் எழுதி, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் விழுந்த பிறகுதான் நீங்கள் நீங்களாவீர்கள்.

இந்த நீட்டிமுழக்கலை ஜாவாவின் பெரிய குற்றம் என்கிறார்கள். அதுதான் அதன் பெரிய குணம் என்பது என் கட்சி. அதுவும் இலங்கைக்கு மிகவும் பொருந்துகிற குணம். ஒரு புரோகிராம் எழுதப்படுவது ஒருமுறை, வாசிக்கப்படுவது பலமுறை. எங்கள் நாட்டிலோ எழுதுகிறவரும் வாசிக்கிறவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இங்கே 9 இலட்சத்துக்கு மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. 'ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும்' என்பது சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் ஜாவாவுக்குப் போட்ட விளம்பர வாக்கியம். எழுதியவரும் எங்கும் ஓடுவார் என்பதை அந்த விளம்பரத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள். மொழியை அமைத்த ஜேம்ஸ் கோஸ்லிங்குக்கு மட்டும் அது தெரிந்திருக்கவேண்டும். அவரே கனடாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். காலை பத்து மணிக்கு, புதிதாகச் சேர்ந்த பிள்ளை, ரொறன்ரோவுக்குப் போய்விட்ட முன்னவர் விட்டுவைத்த சில ஆயிரம் வரிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோட் பைத்தனில் இருந்து, 'டேட்டா' என்ற பெயரில் உள்ளே வருவது எண்ணா, பெயரா, பட்டியலா என்று எங்கும் எழுதப்படாமல் இருந்தால், வட்ஸ்அப்பில்தான் கேட்கவேண்டும். ரொறன்ரோவில் அப்போது நடுச்சாமம். ஜாவாவில் அப்படி எழுதாமல் விட கொம்பைலர் சம்மதிக்காது. இது எண், இது வாடிக்கையாளர் பட்டியல், இந்த இடத்தில் இன்ன பிழை வரக்கூடும் என்றெல்லாம் எழுதிவைத்துவிட்டுத்தான் அந்த அண்ணன் விமானம் ஏறியிருப்பார்.

"பைத்தனிலும் இப்போது வகையை எழுதலாமே" என்று குறுக்கிடுவார்கள். எழுதலாம், 2015 முதல் வசதி இருக்கிறது. விரும்பினால் எழுதலாம் என்பதற்கும் எழுதாவிட்டால் ஓடாது என்பதற்கும் உள்ள வித்தியாசம், விசா கையில் கிடைத்த பிறகு ஒருவர் எழுதுகிற கோட்டைப் பார்த்தால் தெரியும். அந்த ஐந்து வரி வணக்கத்தைப் பற்றிய முறைப்பாட்டை ஜாவாக்காரர்களும் கேட்காமல் இல்லை. 2025 செப்டெம்பரில் வெளிவந்த ஜாவா 25 அதை மூன்று வரியாக்கியிருக்கிறது. 1995இல் பிறந்த மொழி இரண்டு வரியைக் குறைக்க 30 வருடம் எடுத்திருக்கிறது. அரச திணைக்களங்களோடு பழகிய எங்களுக்கு இது பெரிய தாமதமாகத் தெரியாது.

ஜாவாவின் இன்னொரு வழக்கம், பழையதை எறிவதில்லை. அதன் பழைய 'டேட்' கிளாஸில் மாதங்கள் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றன, வருடம் 1900இலிருந்து எண்ணப்படுகிறது. அந்தக் கணக்கில் தைப்பொங்கல் பூச்சியமாம் மாதம் 14ஆம் அல்லது 15ஆம் திகதி வரும். இது சரிவராது என்று 1997இலேயே தெரிந்து, அதன் பல பகுதிகளைப் பாவிக்கவேண்டாம் என்று எழுதிவைத்தார்கள். ஒழுங்கான மாற்று 2014இல் ஜாவா 8 உடன்தான் வந்தது. பழையது இன்னும் அங்கேயே இருக்கிறது, ஏனென்றால் அதை நம்பி எங்கோ ஒரு வங்கி ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கேலி செய்பவர்கள் தங்கள் சம்பளம் எந்த வங்கியில் விழுகிறது என்று ஒருமுறை யோசிக்கலாம். புதிய மொழிகளும் ஜாவாவின்மேலேயே வருவதுண்டு. கொழும்பில் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 ஜாவாவில் வளர்ந்த கொம்பனி. அவர்கள் பின்னர் பலேரினா என்று சொந்தமாக ஒரு மொழியே உருவாக்கினார்கள், நல்ல மொழி. அதை எதன்மேல் ஓடவிட்டார்கள் என்று பார்த்தால், ஜாவாவின் மெய்நிகர் இயந்திரத்தின்மேல். அன்ட்ரொயிட்டுக்கு 2017இல் கூகிள் அங்கீகரித்த கொட்லின் மொழியின் கதையும் ஜாவாவின் வீட்டுக்குள்ளேயே நடப்பதுதான்.

ஜாவாக்காரர்களின் கோளாறுகளுக்கு வருவோம், அவை நிறைய. ஸ்பிரிங் என்ற புகழ்பெற்ற கட்டமைப்பில் 'அப்ஸ்ட்ராக்ட் சிங்கிள்ட்டன் ப்ரொக்ஸி ஃபக்டரி பீன்' என்று ஒரு கிளாஸ் உண்மையிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 33 எழுத்து, இடையில் ஓர் இடைவெளியும் கிடையாது. இது என்ன செய்கிறது என்று விளக்கத் தொடங்குகிறவர்கள் பாதியில் தலைப்பை மாற்றிவிடுவார்கள். ஆனால் நீளமான பெயர் தானாகவே குற்றமாகாது. ஜாவா தொடக்கத்திலிருந்தே யுனிகோட்டை ஏற்றுக்கொண்ட மொழி. 'உடையார்கட்டுக்குளநீர்மட்டம்' என்று தமிழிலேயே ஒரு மாறிக்குப் பெயர் வைத்தாலும் கொம்பைலர் முகம் சுளிக்காது. ('உடையார்கட்டு' எத்தனை எழுத்து என்று கேட்டால்தான் 12 என்று சொல்லும். முதலாம் வகுப்புப் பிள்ளை 7 என்று சரியாகச் சொல்லும். அரவையும் குற்றையும் தனித்தனி ஆட்களாக எண்ணுவதால் வருகிற வினை இது. பைத்தனும் அதே 12ஐத்தான் சொல்லும்.) மேலே சொன்ன 33 எழுத்தில் என்ன வேலை நடக்கிறது என்று இருக்கிறது, எதற்காக நடக்கிறது என்பது இல்லை. அது மொழியின் பிழையல்ல, எழுதியவரின் பிழை. வெறும் 'கட்ச்' அடைப்பும் அப்படித்தான். பிழை வரக்கூடிய இடங்களைச் சொல்லியே ஆகவேண்டும் என்று ஜாவா பல இடங்களில் வற்புறுத்துகிறது. எங்கள் ஆட்கள் பிழையைப் பிடித்து, அடைப்புக்குள் ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். நல் பொயின்ரர் பிழைக்கு மட்டும் மொழியே பொறுப்பேற்கவேண்டும். எந்தப் பெயர் வெறுமையாக இருந்தது என்பதை அந்தப் பிழைச்செய்தி சொல்லத் தொடங்கியதே 2020இல் வந்த ஜாவா 14இல்தான். எல்லாவற்றையும் எழுதச் சொல்லி எங்களை வதைத்த மொழி, தான் எழுதவேண்டிய ஒன்றை 25 வருடம் எழுதாமல் இருந்திருக்கிறது. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

வன்னியில் படிக்கிற பிள்ளைக்கு உள்ள மெய்யான தடை வேறு. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய லப்டொப்பில் ஜாவா எழுதும் பெரிய செயலிகளைத் திறந்தால், திறந்து முடிவதற்குள் தேத்தண்ணி வைத்துக் குடித்துவிடலாம். இந்த ஆட்சேபத்தை நான் முழுதாக ஏற்கிறேன். படிக்கிற காலத்தில் சாதாரண எழுத்துச் செயலியும் கட்டளைத் திரையும் போதும் என்பதுதான் பதில், அழகான பதில் அல்ல. அடுத்தது காசு. சன்னை 2010இல் வாங்கிய ஒராக்கிள், தன் ஜாவாவுக்கான கட்டணத்தை 2023 முதல் நிறுவனத்தின் ஊழியர் தொகையை வைத்துக் கணக்கிடுகிறது. ஜாவா என்றால் கோப்பி என்று நினைக்கிற ஊழியருக்கும் சேர்த்துத்தான். அதே மொழி ஓப்பன்ஜேடிகே என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. எனவே கட்டணத்தைக் காட்டி மொழியைத் திட்டுவது பொருந்தாது, ஒராக்கிளைத் திட்டுவது பொருந்தும்.

ஆக, படிக்கத் தொடங்குகிற பிள்ளைகள் ஓப்பன்ஜேடிகேயை இறக்குங்கோ, வரியை எண்ணிப் பயப்படாதேங்கோ. போகப்போகிற அண்ணாமார் அக்காமாருக்கு ஒரு விண்ணப்பம். போங்கோ, நல்லாயிருங்கோ. போகமுதல் அந்த வெறும் 'கட்ச்' அடைப்புகளுக்குள் ஏதாவது எழுதிவிட்டுப் போங்கோ.