தோர்தோன் துரை

இங்கிலாந்தில் குடியிருக்க ஒரு வீடு இருக்கும்போதே, பிரான்சின் தென்மேற்கில் தோர்தோன் ஆறு ஓடும் நாட்டுப்புறத்தில் இரண்டாவது வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கும் ஆங்கிலேயரே தோர்தோன் துரை. கட்டி முடித்தவர் எவரும் இந்த இனத்தில் சேர்க்கப்படுவதில்லை. அப்படி ஒருவரைப் பார்த்ததாகச் சொல்வோரும் இல்லை.

இந்தப் பகுதியோடு ஆங்கிலேயருக்குள்ள உறவு பழையது. அக்கித்தேன் நாட்டு எலினோரை மணந்த ஹென்றி 1154இல் இங்கிலாந்துக்கு அரசரானபோது, இந்த மண்ணும் கூடவே வந்தது. சுமார் 300 ஆண்டுகள் கழித்து, 1453இல், இதே ஆற்றங்கரையில் நடந்த காஸ்தியோன் போரில் அது கைவிட்டுப் போயிற்று. போரில் போனதைத் துரை இப்போது வீடு வீடாக விலை கொடுத்து வாங்கிவருகிறார். இங்குள்ள எமே என்ற சிற்றூரில் கிரிக்கெட் சங்கமே நடக்கிறது.

துரைக்கு வயது ஐம்பத்தைந்துக்குமேல். பீட்டர் மேல் என்ற ஆங்கிலேயர், பிரான்சின் புரோவான்ஸில் வீடு வாங்கிக் குடியேறியதைப் பற்றி 1989இல் எழுதிய புத்தகத்தைப் படித்திருப்பார். சொன்ன நாளில் வராத வேலையாட்களைப் பற்றி அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது. எச்சரிக்கையாகப் படிக்க வேண்டியதை அவர் ஆசையோடு படித்துவிட்டார். பிறகு ஒரு ஜூன் மாதத்தில் தோர்தோனுக்கு வந்து, கூரை பாதி இறங்கிய கல் கொட்டில் ஒன்றின் முன் நின்று, “இதற்கு ஒரு களை இருக்கிறது” என்கிறார். துரைசானி தலையசைக்கிறார். ஜனவரியில் வந்து பார்த்து வாங்கியவர் இந்த இனத்தில் கிடையாது.

கொட்டில் ஒருவருடையதாக இருப்பதில்லை. பிரெஞ்சுச் சட்டப்படி பெற்றோர் சொத்தில் பிள்ளைகள் எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆகவே மூன்று தலைமுறை கண்ட கொட்டிலுக்குப் பங்காளிகள் பலர். அவர்களில் ஒருவர் லியோனில் இருப்பார். மற்றவர்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இராது. அவர் கையெழுத்துக்காகத் துரை காத்திருக்கிறார். கடைசியில் எல்லாரும் நொத்தேர் எனப்படும் பத்திர அதிகாரியின் முன் கூடுகிறார்கள். பழைய வீடென்றால் பத்திரச் செலவு மட்டும் விலையில் ஏழெட்டு விழுக்காடு ஆகும். நொத்தேர் பத்திரத்தை வாய்விட்டுப் படிக்கிறார். கரையான், ஈயம், ஆஸ்பெஸ்டாஸ் என்று சோதனை அறிக்கைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. மாலை வகுப்பில் பிரெஞ்சு கற்ற துரை, புரிகிறாற்போல முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்திடுகிறார். புரிந்திருந்தாலும் இட்டிருப்பார்.

கட்டட அனுமதி தருபவர் ஊர் மேயர். அவர் பெரும்பாலும் பக்கத்து வயல்காரராகவும் இருப்பதால், அவருடைய டிராக்டருக்கு வழிவிடுவது நல்லது. வீடு என்றால் இரண்டு மாதத்தில் முடிவு தெரியும். 500 மீட்டருக்குள் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் இருந்தால், அரசுக் கட்டடக் கலைஞரையும் கேட்க வேண்டும். தோர்தோனில் கோட்டையோ பழைய தேவாலயமோ கண்ணில் படாத ஊர் அரிது. துரைசானி ஓர் ஆண்டாக யோசித்துத் தேர்ந்த சன்னல் கதவு நிறம் அந்தக் கலைஞரிடம்தான் அடிபடுகிறது. அனுமதி கிடைத்த பிறகும் தெருவிலிருந்து படிக்கும்படி பலகை நட்டு, ஆட்சேபிக்க விரும்புவோருக்கு இரண்டு மாதம் விட வேண்டும். ஊரார் வந்து நின்று படிக்கிறார்கள். ஆட்சேபணை எதுவும் இல்லை, சும்மா படிக்கிறார்கள்.

அடுத்தவர் கொத்தனார். நல்ல மனிதர், கெட்டிக்காரர், துரையின் ஒயினை மெச்சுபவர். “திங்கட்கிழமை வந்துவிடுகிறேன், ஐயா” என்பார். எந்தத் திங்கட்கிழமை என்று கேட்பது மரியாதையில்லை. துரைக்கு விடுப்பு கிடைப்பது ஆகஸ்டில். கொத்தனார் விடுமுறையில் போவதும் ஆகஸ்டில். ஆகவே இருவரும் ஒரே இடத்தில் நிற்பது அரிது. சாரம் மட்டும் அங்கேயே நிற்கிறது. அதில் கொடி படர்கிறது. துரையே ஒரு வேலையைத் தொடங்கி, ஓர் ஆணி குறைந்து, கடைக்குக் காரை விரட்டிக்கொண்டு போனால், மணி பன்னிரண்டு ஐந்து. இரண்டு மணிவரை கடை கிடையாது.

இப்படிக் கட்டட வேலையிலேயே மூழ்கியிருப்பதால் துரையின் பிரெஞ்சு ஒரு பக்கமாகவே வளர்கிறது. சுண்ணாம்புச் சாந்து, உத்தரம், வடிகால் சரிவு எல்லாவற்றுக்கும் அவருக்குச் சொல் தெரியும். அண்டைவீட்டுக்காரரின் மகள் நலமா என்று கேட்கத் தெரியாது.

துரையின் உள்ளத்தில் தனியிடம் பெற்றது கழிவுநீர்த் தொட்டி. நாட்டுப்புறத்தில் பொதுச் சாக்கடை இல்லாத இடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் தொட்டி வேண்டும். பழைய தொட்டி விதிக்கு ஒத்துவராவிட்டால், வாங்கியவர் ஓராண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். லண்டனில் நாடகம், அரசியல், பேரப்பிள்ளைகள் என்று பேசியவர், இங்கே விருந்துக்கு வந்த மற்றத் துரைகளோடு மண்ணின் நீர் உறிஞ்சும் திறனைப் பற்றி இரவு பதினொரு மணிவரை பேசுகிறார். அவர் முகத்தில் உண்மையான ஆனந்தம் தெரிவது அப்போதுதான்.

அடுத்து வருவது நீச்சல் குளம். குளம் வெட்டினால் வரி கூடும் என்பதால் சிலர் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு. 2022இல் பிரெஞ்சு வரித்துறை ஒன்பது மாவட்டங்களின் வான்படங்களைக் கணினியிடம் கொடுத்துத் தேடியதில், கணக்கில் வராத குளங்கள் 20,000க்குமேல் அகப்பட்டன. அதுமுதல் துரை, மேலே விமானம் பறந்தால் சற்றுக் கவலையோடு அண்ணாந்து பார்க்கிறார்.

அமைதி தேடி வந்தவரைக் காண ஜூலையில் நண்பர்கள் மலிவு விமானத்தில் பெர்ஜெராக்கில் வந்து இறங்குகிறார்கள். நண்பர்கள் குளத்தில் கிடக்கிறார்கள். துரை குளத்தின் வடிகட்டியைக் கழுவுகிறார். குளிர்காலத்தில் வீடு பூட்டிக் கிடக்கும்போது பரணில் சிற்றெலிபோன்ற லெரோ என்ற பிராணி குடியேறுகிறது. வீட்டை முழுமையாக அனுபவிப்பது அதுதான். துரைக்கோ, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், 2021 முதல் தங்கும் நாட்களுக்கு அளவு வந்துவிட்டது. நீண்டகால விசா இல்லாத பிரித்தானியக் குடிமகன், எந்த 180 நாளிலும் 90 நாளுக்குமேல் அங்கே தங்கக்கூடாது. அந்த விலகலுக்குத் துரை வாக்களித்தாரா என்பதை விருந்தில் யாரும் கேட்பதில்லை.

முழங்கால் வலி வரும்போது வீடு விற்பனைக்கு வருகிறது. வாங்க வருபவர் பெரும்பாலும் இன்னொரு ஆங்கிலேயர். ஜூன் மாதத்தில் வருகிறார். வாங்கி 30 ஆண்டு கழிந்த பிறகு விற்றால் லாபத்துக்கு வரியே இல்லை, ஆனால் அதுவரை முழங்கால் பொறுப்பதில்லை. முன்னதாக விற்பவர், கொத்தனார் கொடுத்த ரசீதுகளைக் காட்டிச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். துரை தன் கையால் பூசிய சுவருக்கும் அடித்த வண்ணத்துக்கும் கழிவு கிடையாது.