வாடாத லீக்ஸ் இயல்

பயிர் இரு வகைப்படும்: கடையில் வாங்குவது, பக்கத்து வீட்டில் வாங்குவது. முன்னதற்கு விலைப்பட்டியல் உண்டு, வண்ணப்படம் போட்ட விதை உறை உண்டு, அறிஞர் உண்டு. பின்னதை ஆராய்ந்தார் இலர். அக்குறை தீர்க்கவே இவ்வியல் எழுந்தது. வேறு வேலை இல்லாமையும் ஒரு காரணம் என்க.

ஆய்வுப்பொருள் பாபிங்டன் லீக்ஸ். இங்கிலாந்தின் கார்ன்வால், சில்லித் தீவுகள், அயர்லாந்தின் மேற்குக் கரை ஆகிய இடங்களில் கடலோரத்திலும் வேலியோரத்திலும் தானாகவே வளர்ந்து நிற்பது. அதற்குப் பெயர் வைத்தவர் வில்லியம் போரர். பெயர் போய்ச் சேர்ந்தது கேம்பிரிட்ஜ் தாவரவியல் பேராசிரியர் சார்ல்ஸ் கார்டேல் பாபிங்டனுக்கு (1808–1895). பழங்காலத்தார் பயிரிட்டுக் கைவிட்டதன் மிச்சம் இது என்பர் ஒரு சாரார்.

அஃதேல், நுவரெலியாவிலிருந்து லொறியேறும் லீக்ஸும் இதுவும் ஒன்றன்றோ எனின், குலம் ஒன்று, குணம் வேறு. அதை விதைத்து, நாற்றுப் பிடுங்கி நட்டு, மண் அணைத்து, கடைசியில் வேரோடு பிடுங்கினால் கணக்குத் தீர்ந்தது. இதைக் குளிர்காலத்தில் தரைமட்டத்தில் கத்தி வைத்து அறுத்துக்கொண்டு கிழங்கை மண்ணிலேயே விட வேண்டும், மறுபடி தழைக்கும். பூண்டு வாடை சற்றுத் தூக்கல். கோடையில் இளஞ்செடியின் இலையெல்லாம் காய்ந்து, அது இருந்த சுவடே தெரியாது. புதிதாக வளர்ப்போர் செடி செத்ததென்று முடிவுகட்டி அந்த இடத்தில் தக்காளி நடுவது இந்தக் கட்டத்தில்தான். இலையுதிர்காலத்தில் தக்காளிக்கு நடுவே லீக்ஸ் எழுந்து நிற்கும்.

முதிர்ந்த செடியோ கோடையில் ஆளுயரத்துக்குத் தண்டு விடும். 2 மீட்டர் வரைகூடப் போகும். உச்சியில் உருண்டைத் தலை. அதில் பூ பெயருக்குச் சில, மற்றவை நெருக்கியடித்த சிறு குமிழ்கள். தண்டு சாய, குமிழ் உதிர, விழுந்த இடத்தில் முளைக்கும். முதல் ஆண்டு முளையைப் புல்லென்று நினைத்துக் களை எடுப்போர் பிடுங்கி எறிவர். தப்பியது சட்டிக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

இனிப் பெறுமுறை. பெரிய விதைக் கம்பெனிகள் இதைக் கொண்டாடாதது ஏன்? ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். வராவிட்டாலும் பரவாயில்லை, சில ஆண்டுகளில் அவரே ஊருக்கு இலவச விநியோகஸ்தர் ஆகிவிடுவார். சிறு நாற்றுப்பண்ணைகள் சில விற்கத்தான் செய்கின்றன. எனினும் இச்செடியின் இயற்கை வாழிடம் தபால் உறை என்பதே எம் துணிபு. ஐந்து குமிழ் கேட்டவருக்கு ஐம்பது வரும். வேண்டாம் என்றவருக்குக் கோட்டுப் பையில் விழும்.

இதற்கு மறுப்பு உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கே, நார்தம்பர்லாந்துப் பக்கம், சுரங்கத் தொழிலாளர் மன்றங்கள் வளர்த்தெடுத்த லீக்ஸ் போட்டிகள் பேர்பெற்றவை. அங்கும் தேர்ந்தவர்கள் விதையை நம்புவதில்லை. பூத்தலையின் மொட்டுகளை மழித்துவிட்டு, அவ்விடத்தில் முளைக்கும் சிறு செடிகளைக் கிள்ளி நடுகிறார்கள். பிள்ளை அப்படியே தாயின் அச்சு. ஆனால் அந்த வம்சத்தைப் பிறருக்குத் தர, பெண் கொடுப்பதைவிட அதிகம் யோசிக்கிறார்கள். போட்டிக்கு முன் இரவோடிரவாக யாரோ பாத்தியில் புகுந்து வெட்டிப்போட்ட கதைகள் உண்டு. பாத்தியோரம் படுத்துக் காவல் காத்தவர்களும் உண்டு. எனவே விதியைத் திருத்துவோம்: பரிசு உள்ள லீக்ஸ் பூட்டுக்குள் போம், பரிசற்றது தபாலில் போம்.

தரவும் ஆளில்லை, தபாலும் வரவில்லை எனின், கடை லீக்ஸே கதி. வேர்க்கற்றை ஒட்டியிருப்பதாகப் பொறுக்கி மண்ணில் ஊன்றுக. உள்ளபடி அது ஈராண்டுப் பயிர். பூத்தண்டு கிளம்பும்போது கிள்ளிவிட்டால் பெரும்பாலும் அடியில் பக்கக் கன்றுகள் கட்டும். பிரித்து நட்டால் குடும்பம் தொடரும். இதைப் போலி என்று தள்ளும் தூய்மைவாதிகளோடு எமக்கு உடன்பாடில்லை. பூக்கும்வரை அதை விட்டுவைக்காத அவசரம் நம்முடையது.

போன ஆண்டு குமிழ் பெற்றவருக்கே இந்த ஆண்டும் கொடுப்பது நட்பில் சேருமா, தொல்லையில் சேருமா என்பது மேலாய்வுக்கு உரியது.