கிடைத்தது தள்ளுபடி

டெக்ஸாஸில் ஆஸ்பத்திரி பில்லில் தள்ளுபடி கேட்டுக் கோர்ட்டுப் படி ஏறுகிறவர்களுக்கு ஏதாவது ஒரு தள்ளுபடி கட்டாயம் உண்டு. பில்லுக்கு இல்லாவிட்டால் அப்பீலுக்கு.

சிவப்பு விளக்கைத் தாண்டி வந்தவன் உங்கள் காரை இடிக்கிறான். ஆம்புலன்ஸ் அள்ளிக்கொண்டு போகிறது. விபத்து நடந்த 72 மணி நேரத்துக்குள் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போதும், இடித்தவனிடமிருந்து உங்களுக்கு வரப்போகும் நஷ்டஈட்டின் மேல் ஆஸ்பத்திரிக்கு ஓர் உரிமை முளைத்துவிடும். 'லீன்' என்று பெயர். கவுன்ட்டி அலுவலகத்தில் ஒரு காகிதத்தைப் பதிந்துவிட்டால், ஆஸ்பத்திரிக்குக் கணக்குத் தீராமல் அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. சட்டம் 1933ஆம் வருடத்தது. பெருமந்தக் காலத்தில், காசில்லாதவனுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி மூழ்கிவிடக் கூடாதே என்ற இரக்கத்தில் போட்டது. ஆஸ்பத்திரிகள் கொழுத்த பிறகும் அந்த இரக்கம் இளைக்கவில்லை.

எவ்வளவு கணக்கு? அதற்கு 'சார்ஜ்மாஸ்டர்' என்றொரு விலைப்பட்டியல் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் பேரம் பேசி அதற்கு வெகு கீழே கொடுத்துவிட்டுப் போகும். முழு விலை, கேட்க நாதியில்லாதவனுக்கு. அப்படி 2015இல் விபத்தில் சிக்கிய ஒரு பெண்ணுக்கு, இன்சூரன்ஸ் கிடையாது, எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து நார்த் சைப்ரஸ் மருத்துவமனை போட்ட பில் 11,000 டாலருக்கு மேல். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "இதே ஸ்கேனுக்கு மற்றவர்களிடம் என்ன வாங்குகிறீர்கள்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது ஆஸ்பத்திரி. 2018 ஏப்ரலில், கேட்டது நியாயம்தான், காட்டு என்றார்கள். கத்தரிக்காய் விலை விசாரிப்பதற்கு ஏறக்குறைய மூன்று வருடம்!

இனி வருகிறவள் நான் கற்பனை செய்தவள். அதே போல லீன் விழுந்தவள், அதே கேள்வி. ஆனால் அவளைப் போல இன்னும் இருபது பேர். கேள்வி ஒன்றுதானே என்று நீதிபதி எல்லா வழக்கையும் ஒரே கட்டாகக் கட்டுகிறார். நேரம் மிச்சமாம். யாருடைய நேரம் என்று உத்தரவில் இருக்காது. அவள் வழக்கு தோற்கிறது. 'கொடுக்கப்படாத பரிகாரம் எல்லாம் மறுக்கப்பட்டது' என்று உத்தரவின் கடைசியில் ஒரு வரி. டெக்ஸாஸ் வக்கீல்கள் இந்த வரிக்கு 'மதர் ஹப்பர்ட்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் மூடுகிற தொளதொள அங்கியின் பெயர். எல்லாம் முடிந்தது என்று நம்பி அப்பீல் போடுகிறாள்.

முடியவில்லை. அங்கி எதையும் மூடவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2001லேயே லேமன் வழக்கில் சொல்லியாயிற்று. கட்டில் மற்றவர்களுடைய வழக்கு பாக்கி, பதினேழாம் வழக்கின் வக்கீல் வாய்தா கேட்டிருக்கிறார், ஆகவே உன் அப்பீல் பிஞ்சு. எங்களுக்கு விசாரிக்க அதிகாரமில்லை, தள்ளுபடி என்கிறது அப்பீல் கோர்ட்டு. பில் சரியா தப்பா என்பதைப் பற்றி ஒரு வரி? அதுதான் அதிகாரமில்லையே.

வாஷிங்டனில் இருக்கும் மத்திய உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? ஹால் எதிர் ஹால் வழக்கில், அதே 2018இல், ஸ்கேன் விலைத் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்னால், ஒரே குரலில்: கட்டாகக் கட்டினாலும் ஒவ்வொரு வழக்கும் தனித்தனிதான், ஒன்று முடிந்தால் அதற்கு உடனே அப்பீல் போடலாம். அருமையான தீர்ப்பு. மத்தியக் கோர்ட்டுகளுக்கு மட்டும். லீன் வழக்குகள் பெரும்பாலும் நடப்பது மாநிலக் கோர்ட்டில்.

சரி, பழுக்கட்டும் என்று காத்திருக்கலாமே என்பீர்கள். அதற்கும் வழி அடைத்திருக்கிறது. எல்லாரையும் எல்லாக் கோரிக்கைகளையும் தீர்த்தாயிற்று, அப்பீலுக்குப் போகலாம் என்று உத்தரவில் தெளிவாக எழுதிவிட்டால், அது தப்பாகவே எழுதப்பட்டிருந்தாலும் இறுதி உத்தரவுதான். லேமன் வழக்கிலேயே இதுவும் இருக்கிறது. காத்திருந்தவளுக்குக் கெடு தாண்டிவிடும். தாமதத்துக்கு நீதிபதிகள் எப்படி மனமிரங்குவார்கள் என்பதற்கு 2007இல் மத்திய உச்ச நீதிமன்றமே ஒரு மாதிரி காட்டியது. ஒரு கைதிக்கு அப்பீல் போட 14 நாள் கொடுக்கலாம் என்பது விதி. நீதிபதி கை தவறி 17 நாள் கொடுத்துவிட்டார். அவன் 16ஆம் நாள் போட்டான். நீதிபதி சொன்னதை நம்பியது அவன் குற்றம் என்று ஐந்துக்கு நான்கு கணக்கில் கதவைச் சாத்தினார்கள். தேதி எழுதிய நீதிபதிக்கு ஒன்றுமில்லை.

முந்தினால் பிஞ்சு, பிந்தினால் அழுகல். ஆஸ்பத்திரியின் லீன் மட்டும் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போதே, கார்பைட் கல் வைத்த மாம்பழம் மாதிரி, மஞ்சளாகப் பழுத்து நிற்கும். அதை யாராவது மோந்து பார்த்திருக்கிறார்களா? வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரன் இறுதி உத்தரவு கேட்பதில்லை. முதுகுவலி எந்தக் கட்டிலும் சேர்க்கப்படவில்லை.

தள்ளுபடி உத்தரவு வந்த அன்றே அவளுக்கு இன்னொரு கவரும் வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து. பெரிய மனது பண்ணி பில்லில் கால்வாசி குறைத்துக்கொள்கிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால்.