பானெட்டுக்குள் மழை வேண்டாம்

கேள்வி: புதிதாக ஹைபிரிட் கார் வாங்கினேன். பானெட்டுக்குள் ஒரே புழுதி. வாட்டர் சர்வீஸ்காரர் பிரஷர் பைப்போடு நிற்கிறார். அடிக்கச் சொல்லலாமா?
- வாசகர், கரூர்

பதில்: அவரை டயர் பக்கம் திருப்பிவிடுங்கள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் தடித்த வயர்கள் தெரிகிறதா? அவை உயர் மின்னழுத்த வயர்கள். வீட்டு ப்ளக்கில் வருவது 230 வோல்ட். மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் காரிலோ 650 வோல்ட் வரை ஏறும். இணைப்புகள் எல்லாம் சீல் வைத்தவைதான், மழையில் தாராளமாக ஓட்டலாம். ஆனால் எந்த மழையும் பம்ப் வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலே பெய்வதில்லையே!

இன்னொரு வம்பு: டாஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிந்தால், சத்தமே இல்லாத இன்ஜின் திடீரென்று தானாகவே கிளம்பும். கை உள்ளே இருந்தால் போச்சு. எனவே காரை அணைத்து, சாவியைத் தூரமாக வைத்து, சூடு முழுக்க ஆறியதும் புழுதியை மெல்லிய பிரஷால் தட்டுங்கள். பிளாஸ்டிக் மூடிகளை ஒட்டப் பிழிந்த துணியால் துடையுங்கள். ஆரஞ்சு வயர், இன்வெர்ட்டர், ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் அந்தத் துணியும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கா? சர்வீஸ் சென்டர் வேலை. எலி கடித்த ஆரஞ்சு வயர் கண்ணில் பட்டால், தொடாமல் பானெட்டை மூடிவிட்டு அவர்களுக்கே போன் போடுங்கள்.