சொட்டுக்குப் பவுடர் போட்ட கதை

மச்சினன் பழனியில் வீடு கட்டிப் பால் காய்ச்சினான். அண்டா, குண்டான், பந்திப்பாய், வாழைத்தார் எல்லாம் என் பிக்கப்பில்தான் போயின. போர்டிகோவில் வெள்ளை டைல்ஸ். “வெயில்ல எதுக்கு மாமா, வண்டியை உள்ளயே விடுங்க” என்றான் பெருந்தன்மையாக. சாயங்காலம் வண்டியை வெளியே எடுத்தால், டைல்ஸ் நடுவில் இட்லி அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம். புது வீட்டுக்குத் திருஷ்டிப் பொட்டு மாதிரி இருந்தது. அதையே சொல்லியும் வைத்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் பெண்டாட்டி சோப்புத்தூளும் தேங்காய் நாரும் எடுத்துவர உள்ளே போனாள்.

2006 மாடல் டீசல் வண்டி அது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கையும் தக்காளியும் சுமந்தே கிழடு தட்டிப்போனது. சித்திரை மாதம் முழுக்க எஃப்.சி. வேலைக்குக் காசு புரளாமல் வேப்பமரத்தடியில் நின்றது. வைகாசியில்தான் ரோட்டுக்கு வந்தது. வந்ததிலிருந்து இந்தச் சொட்டு.

வண்டியில் ஆயில் ஒழுகுகிறது என்று ஊருக்குள் வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது. மூட்டுவலிக்கு வைத்தியம் சொல்கிறவர்களைவிட இதற்குச் சொல்கிறவர்கள் அதிகம். டீக்கடையில் ஒருவர், “ட்ரெயின் நட்டு வாஷர் போயிருக்கும்ணே, செம்பு வாஷர் ஒண்ணு போடுங்க” என்றார். போட்டேன். புது வாஷர் பளபளவென்று இருந்தது. அதன் மேலேயே சொட்டியது.

அடுத்து ஒரு பட்டறையில் சேம்பர் பேக்கிங் என்றார்கள். சேம்பரைக் கழற்றித் துடைத்து, விளிம்பைச் சுற்றி அனாபாண்டை முறுக்குப் பிழிவதுபோலப் பிழிந்தான் பட்டறைப் பையன். அளவுக்கு மீறிப் பிழிந்தால் உள்பக்கம் பிதுங்கிய துண்டு உதிர்ந்து, ஆயில் உறிஞ்சும் வடிகட்டியை அடைத்து என்ஜினையே காலி பண்ணிவிடும் என்பது பிறகு தெரிந்தது. தெரியாதவரை நிம்மதியாக இருந்தேன். சொட்டு நிற்கவில்லை. டேப்பட் கவர் பேக்கிங்கும் மாற்றினார்கள். அப்போதும் நிற்கவில்லை.

மூன்றாமவர் பின் ஆயில் சீல் என்றார். சீல் சில நூறு ரூபாய்தான். ஆனால் அதைத் தொட கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கி ஏற்றச் சில ஆயிரம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவர் நிச்சயம் வண்டி வைத்திருந்தவராக இருக்க வேண்டும். பத்து நாள் பின்பக்கம் காய்ந்து கிடந்தது. பதினோராம் நாள் முன்பக்கம், கிராங்க் புல்லி ஓரமாகக் கசிய ஆரம்பித்தது.

“ரிங் போயிருச்சு சார். என்ஜின் வேலைதான். எழுபதாயிரம் ஆகும்” என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. அன்றிரவு எனக்கும் பிரஷர் ஏறியது.

கடைசியாகத்தான் மெக்கானிக் பாயிடம் போனேன். திண்டுக்கல் ரோட்டில் தகரக் கொட்டகை. லாரி என்ஜினோடே வாழ்ந்து எழுபது வயதைத் தொட்ட மனிதர். குனிந்து ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்து மோந்து பார்த்தார். “கியர் ஆயில்னா அழுகுன முட்டை நாத்தம் வரும். இது என்ஜின் ஆயில்தான். சொட்டுற இடத்தைப் பாக்காதீங்க தம்பி. வண்டி ஓடுறப்ப காத்து ஆயிலைப் பின்னாடி இழுத்துட்டுப் போயிரும். எது உசரத்துல இருக்கோ, எது முன்னாடி இருக்கோ, அங்க ஈரத்தைத் தேடணும்.”

என்ஜினை டீசல் ஊற்றிக் கழுவி, காற்றடித்துக் காயவைத்தார். பிறகு கேட்டார்: “வீட்ல முகப்பவுடர் இருக்கா?”

இருந்தது. கல்யாண நாளைக்கு வாங்கிய புது டப்பா. என் மனைவியிடம் கேட்காமல் எடுத்துவந்ததுதான் இந்தக் கதையில் நான் செய்த ஒரே வீரச்செயல். பாய் அதைத் துணியில் முடிந்து என்ஜின் முழுக்கத் தட்டினார். கறுத்த இரும்பு மாப்பிள்ளைக் கோலத்தில் வெள்ளையாக நின்றது. கொட்டகை முழுக்கக் கல்யாண மண்டப வாசம். வண்டியைக் கால் மணி நேரம் ஓடவிட்டோம்.

பவுடரில் முதலில் முன் சீல் ஓரமாகப் பிறை போல ஈரம் படர்ந்தது. அடுத்து ஆயில் மூடியைச் சுற்றி. ஆயில் கேஜ் கம்பியோ தன் குழாயிலிருந்து விரற்கடை மேலே எழும்பி நின்றது. “மூணு இடமும் ஒரே நேரத்துல கெடுமா தம்பி?” என்று மூடியைத் திறந்தார். குப்பென்று அடித்த காற்றில் பவுடர் கிளம்பி அவர் தாடிக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளை சேர்த்தது.

நல்ல என்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேற ஒரு பிரீதர் குழாய் உண்டு. இந்த மாடலில் அது சும்மா தரையைப் பார்த்துத் தொங்கும். அந்த வழி அடைத்தால் வாயு எந்தச் சீல் இளைத்ததோ அதன் வழியாக ஆயிலைப் பிதுக்கிவிடும். பாய் குழாயின் முனையில் கம்பியைவிட்டுக் குத்தினார். சுட்ட செங்கல் மாதிரி மண் உதிர்ந்தது. அதோடு வெந்துபோன நாலைந்து சிலந்திகள். சித்திரையில் வண்டி நின்ற ஒரு மாதத்தில், குளவி அதற்குள் மண்கூடு கட்டி, குஞ்சுக்கு இரையாகச் சிலந்தி சேர்த்துக் குடும்பம் நடத்தியிருக்கிறது.

மூடியை மாட்டி மறுபடி ஓட்டினோம். கேஜ் கம்பி இடத்திலேயே இருந்தது. முன் சீலை அவர் தொடவே இல்லை. கசிவு தானாக நின்றது. கேட்ட கூலி முந்நூறு ரூபாய். ஐந்நூறு கொடுத்தேன், இருநூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் சொன்னேன். அம்மா பதறிவிட்டாள். “குளவிக் கூட்டையா கலைச்சீங்க? அது கூடு கட்டுன வீட்ல குழந்தை பொறக்கும்டா!” எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது குழந்தை பற்றிய பார்வை இல்லை. “என் பவுடர் டப்பா எங்க?” என்றாள்.

இப்போது வண்டி நாலு நாளுக்குமேல் நிற்கும்போது பிரீதர் முனையில் சிவப்புத் துணி ஒன்று கட்டுகிறேன். கிளப்பும் முன் அவிழ்க்க மறக்காமலிருக்க, ஸ்டியரிங்கில் ‘குளவி’ என்று எழுதிய அட்டை தொங்குகிறது. பழனி வீட்டு டைல்ஸில் கறை மட்டும் போகவில்லை. மச்சினன் அதன்மேல் ஒரு துளசித் தொட்டியை வைத்திருக்கிறான்.