கத்தாதீங்க சித்தப்பா

தந்தி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவை, பழைய சகாக்களின் மெயில் குரூப்பில் யாரோ சேர்த்துவிட்டார்கள். அங்கே எப்படிப் பதில் போடுவது என்று சொல்லித் தரும் உத்தியோகம் மட்டும் எனக்கு வந்தது.

முதல் பஞ்சாயத்து கேப்பிட்டல் எழுத்தில். ஆங்கிலத்தில் எதை அடித்தாலும் எல்லாமே பெரிய எழுத்து. டெலிபிரிண்டரில் சின்ன எழுத்துக்கு வழியில்லை. அந்தக் கைப்பழக்கம் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. இணையத்தில் எழுதுவோருக்கான மரியாதை விதிகளைத் தொகுத்து, 1995-ல் ‘ஆர்.எஃப்.சி. 1855’ என்றொரு ஆவணம் வெளியானது. எல்லாவற்றையும் கேப்பிட்டலில் அடித்தால் கத்துவது போலிருக்கும் என்கிறது அது. சொன்னேன்.

“அப்ப சர்வீஸ் பூரா நான் கத்திக்கிட்டா இருந்தேன்?”

“நீங்க கத்தலை சித்தப்பா. தந்தின்னு குரல் கேட்டதுமே வீட்ல இருக்கறவங்கதான் கத்தினாங்க.”

அடுத்தது வெட்டும் கலை. தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு. வாழ்த்துத் தந்தி என்றால் வாக்கியங்களுக்கு நம்பரே உண்டு. ஓர் எண்ணைக் குறிப்பிட்டால் முழு ஆசீர்வாதமும் கல்யாண வீட்டுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட சிக்கனத்தில் வளர்ந்தவர், ஒருவர் எழுதிய நூறு வரி மெயிலை அப்படியே அடியில் தொங்கவிட்டு, மேலே ‘சரி’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறார். பதிலுக்குத் தேவையான ரெண்டு வரியை வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடுங்கள் என்றேன். அதிர்ந்துபோனார். “அடுத்தவங்க எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட நாங்க தொடக் கூடாதுடா!” 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடினார்கள். தந்திக்காரரை மூட முடியவில்லை.

நவம்பரில்தான் உச்சகட்டம். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கும் மாதம் அது. எங்கே கொடுப்பது என்று குரூப்பில் கேட்க நினைத்தார். புது மெயில் திறக்கச் சோம்பல். கைக்கு அகப்பட்ட பழைய மெயிலில் ரிப்ளை தட்டிக் கேட்டுவிட்டார். அந்த மெயிலின் தலைப்பு, காலமான ஒரு சகாவுக்கு இரங்கல். அதன் கீழே, ‘நான் உயிரோடு இருப்பதை யாரிடம் நிரூபிக்க வேண்டும்?’

பதறிப்போய், தலைப்பையாவது மாற்றியிருக்கலாமே என்று கேட்டேன். உண்மையில் அதுவும் போதாது. ரிப்ளை தட்டினால் எந்த மெயிலுக்கான பதில் என்ற குறிப்பு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒட்டிக்கொள்ளும். தலைப்பை மாற்றினாலும் பல மென்பொருள்கள் அதைப் பழைய இழையில்தான் கொண்டுபோய்ச் செருகும். புது விஷயத்துக்குப் புது மெயில்தான் கதி.

அந்தக் கேள்விக்கு வந்த பதில்களில் பாதி, ‘எனக்கும் தெரிய வேண்டும்’. இதற்காக நம் பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 1997-ல் மைக்ரோசாஃப்ட்டில், சுமார் 13,000 பேர் இருந்த ஒரு மெயில் பட்டியலிலிருந்து தன்னை நீக்கச் சொல்லி ஒருவர் எல்லோருக்கும் எழுதினார். ‘என்னையும்’ என்று மற்றவர்களும் எல்லோருக்குமே பதில் போட, ஒரு மணி நேரத்தில் ஒன்றரைக் கோடி மெயில்கள் குவிந்தன. மெயில் மென்பொருளையே விற்கிற கம்பெனி அது! எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

கடைசியாக அந்த 1855 சொல்லும் இன்னொரு விதியையும் எடுத்துச் சொன்னேன்: புதிதாகச் சேர்பவர் ஒன்றிரண்டு மாதம் வாயைத் திறக்காமல் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும்.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

“எங்க குரூப்ல எண்பதைத் தாண்டினவங்கதான் ஜாஸ்தி. ரெண்டு மாசம் கழிச்சு நான் யாருக்குடா பதில் போடறது?”