பராந்தகனும் பேட்டரி எலிமினேட்டரும்

தில்லைப் பொன்னம்பலத்துக்குப் பத்தாம் நூற்றாண்டில் பொன் வேய்ந்த பராந்தக சோழனிடம் டி.சி. கரண்ட் இல்லை; தங்கம் இருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கும் என்னிடம் டி.சி. கரண்ட் இருக்கிறது. என் வீட்டுக் கதையே இவ்வளவுதான். இருந்தாலும் வந்தது வந்தீர்கள், உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

என்னைப் போன்ற குடும்பஸ்தர்களைக் காப்பாற்றத்தான் அதே சிதம்பரத்தில் கவரிங் தொழில் நடக்கிறது. கல்யாண சீசனில் எங்கள் தெருவில் பாதிக் கழுத்துகள் அங்கே போய் மின்னேறி வந்தவை. (யார் யார் என்று சொன்னால் எனக்கு ராத்திரி சாப்பாடு கிடையாது.) பித்தளை நகையைத் தங்க உப்பு கரைந்த குளியலில் தொங்கவிட்டு நெகட்டிவில் கோப்பார்கள். எதிரே பாசிட்டிவில் ஒரு தகடு. சில வோல்ட் கொடுத்தால் போதும், கரைசலில் இருக்கும் தங்கம் நகைமேல் படியும். ஆனால் கரண்ட் ஒரே திசையில் ஓட வேண்டும். நெய்வேலி நம்ம மாவட்டம்தானே என்ற உரிமையில் வீட்டு பிளக்கை நேரே சொருக முடியாது. அது ஏ.சி., நொடிக்கு 50 தடவை போய்ப் போய்த் திரும்பி வரும்; எது நெகட்டிவ், எது பாசிட்டிவ் என்று நிலையாக இருக்காது. அதனால்தான் பட்டறையில் ரெக்டிஃபையர் வைத்திருக்கிறார்கள்.

மனைவியின் கவரிங் சங்கிலி வெளுத்துப்போனபோது இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். "வாயாலேயே முலாம் பூசிடுவீங்க" என்றாள்.

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவனுக்கு ரோஷம் வராதா? தங்கக் குளியலில் சயனைடு கலந்திருக்கும், அது வேண்டாம். செம்பு முலாம் பூசிக் காட்டுவதென்று இறங்கினேன். உரக்கடையில் மயில்துத்தம், மோட்டார் ரிப்பேர் கடையில் செம்புக் கம்பி, பரணிலிருந்து ரேடியோவின் பழைய பேட்டரி எலிமினேட்டர். பூசுவதற்கு ஏதாவது இரும்புச் சாமான்? கைக்கு அகப்பட்டது பீரோ சாவி.

சாவியை நீலத் தண்ணீரில் இறக்கி, "சுவிட்சைப் போடப்போறேன், பாரு" என்று மகளைக் கூப்பிட்டேன். "அப்பா, ஏற்கெனவே செவந்துடுச்சு" என்றாள். துத்தத் தண்ணீரில் இரும்பைப் போட்டால் கரண்டே இல்லாமல் இரும்பு கொஞ்சம் கரைந்து, அந்த இடத்தில் செம்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். துடைத்தால் உதிர்கிற மட்டமான பூச்சுதான். எனக்குத் தெரியும், சாவிக்கும் தெரிந்திருந்தது. "அப்புறம் கரண்ட் எதுக்குப்பா?" என்று கேட்டுவிட்டு அவள் டியூஷனுக்குக் கிளம்பிவிட்டாள்.

சாவியைத் துடைத்து, கம்பிகளை மாட்டினேன். எலிமினேட்டரில் ப்ளஸ், மைனஸ் குறிகள் என்றைக்கோ அழிந்துபோயிருந்தன. இரண்டே கம்பி, பாதிக்குப் பாதி வாய்ப்பு; அந்த நல்ல பாதி என் பக்கம் வந்ததாகச் சரித்திரமே இல்லை. மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்து வந்து பார்த்தால் செம்புக் கம்பி நன்றாக உடம்பு வைத்திருந்தது. சாவிக்குப் பல்லே இல்லை. பாசிட்டிவில் மாட்டிய இரும்பு கரையும், நெகட்டிவில் மாட்டியது தடிக்கும் என்று மகளுக்குக் காட்ட அருமையான சந்தர்ப்பம். ஆனால் மறுநாள் சிதம்பரத்தில் கல்யாணம், பட்டுப்புடவை பீரோவுக்குள்.

ஆலப்பாக்கம் போனது, புதுச்சத்திரம் போனது, பி.முட்லூரும் போனது, பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. நூல் புடவையில் கல்யாணம் பார்த்துவிட்டு, வெளுத்த சங்கிலியோடு ஒரு முலாம் பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த பையனிடம் ஃபாரடே 1834-இல் சொன்ன கணக்கை எடுத்துவிட்டேன். எவ்வளவு கரண்ட், எவ்வளவு நேரம், இவை இரண்டையும் பொறுத்துத்தான் படிகிற எடை. இந்தக் குளியலில் ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால், ஏட்டுக் கணக்குப்படி சுமார் 7.35 கிராம் தங்கம்.

"பவுனுக்குக் கொஞ்சம்தான் குறையுது தம்பி. ஒரு மணி நேரம் விட்டுப் பாரேன்."

அவன் சங்கிலியை முக்கினான்; நான் மூச்சு விடுவதற்குள் எடுத்துவிட்டான். "அவ்வளவு நேரம் விட்டா ஓனர் என்னையும் தூக்கி உள்ளே போட்டுடுவார் சார்."

கடலூரிலிருந்து வாய் திறக்காமல் வந்த என் மனைவி அப்போதுதான் பேசினாள்.

"ஏன் தம்பி, பீரோ சாவிக்குப் பல் முளைக்கிற குளியல் ஏதாவது வச்சிருக்கீங்களா?"